கழுவி, ஓய்வு கொடுத்து

என் அண்ணன் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். நாற்பத்தாறு வயது. எப்படிப் போனான் என்று யாராவது கேட்டால் அண்ணி, "பிபி ஏறி தலையில நரம்பு வெடிச்சிடுச்சு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். அதில் என் பங்கை அவள் சேர்ப்பதே இல்லை. நானாகச் சேர்க்கப் போனாலும் "வாயை மூடு" என்கிறாள். எவ்வளவு நாள்தான் மூடிக்கொண்டிருப்பது? அதனால் எழுதுகிறேன்.

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்தில் என்னை டாக்டர் என்பார்கள். நான் அந்த டாக்டர் இல்லை, மருந்துகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஜுரம், மூட்டுவலி, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று எல்லாவற்றுக்கும் எங்கள் வாசலுக்கு வந்து நிற்பார்கள். "நான் ஆட்டு டாக்டர்க்கா, என்னை விடுங்க" என்று எரிந்து விழுவேன். ஆட்டுக்கு என்ன வியாதி என்று கேட்பார்கள். வியாதி ஒன்றும் இல்லை, அது செத்துப்போன ஆடு என்றால் சிரிப்பார்கள். நான் என்ன செய்கிறேன் என்று எங்கள் சந்திலேயே ஒழுங்காகத் தெரிந்துவைத்திருந்தவன் அண்ணன் ஒருவன்தான். அதுவே வினையாகப் போயிற்று.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டின் இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாயைச் சுத்தம் செய்து, மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் வளையம் வளையமாக நறுக்குவோம். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் இரண்டு மெல்லிய கம்பிக் கொக்கிகளை மாட்டி, ஒரு கண்ணாடிக் குழலுக்குள் தொங்கவிடுவோம். குழலில் உடம்புச் சூட்டிலேயே உப்புக் கரைசல் இருக்கும். அடியிலிருந்து பிராணவாயு குமிழ்விட்டுக்கொண்டே இருக்கும். ஆடு போய் மணிக்கணக்கான பிறகும் அந்த வளையம் உயிரோடு இருக்கும். இறுக்குகிற மருந்தை விட்டால் இறுகும், தளர்த்துகிற மருந்தை விட்டால் தளரும். மேல் கொக்கி அந்த இழுப்பை வாங்கிக் கணினிக்கு அனுப்பும். திரையில் ஒரு கோடு ஏறும், இறங்கும். என் ஐந்து வருடப் படிப்பு மொத்தமும் அந்தக் கோடுதான்.

இதில் முக்கியமான வேலை கழுவுவது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பழைய கரைசலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். கழுவும்போதெல்லாம் கோட்டின் மேல் W என்ற எழுத்தைத் தட்டிவைப்பேன். பிறகு பார்க்கும்போது எங்கே மருந்து கொடுத்தோம், எங்கே கழுவினோம் என்று தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக.

வாரத்தில் இரண்டு நாள் காலை ஐந்தரைக்கு அண்ணனின் ஆட்டோவில் கிளம்பி, ஆடு அறுக்கும் கூடத்துக்குப் போவோம். அங்கே ஒரு பாய் எனக்காகவே கத்தியைப் பார்த்துப் போடுவார். "மேடம், உங்க நரம்பு ரெடி" என்று குழாயை நீட்டுவார். நரம்பு இல்லை பாய், ரத்தக்குழாய் என்று முதல் வருடம் திருத்தினேன். இரண்டாம் வருடம் நானும் நரம்பு என்றே சொல்லிவிட்டேன். வாங்கின கையோடு ஜில்லென்ற கரைசல் இருக்கும் அகல வாய் ஃபிளாஸ்கில் போட்டு மூடினால், ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் ஆய்வுக்கூடத்தை அடைய வேண்டும். அது ஊரின் அந்தக் கோடியில், வைட்ஃபீல்ட் போகிற வழியில் இருக்கிறது. பெங்களூர் டிராஃபிக்கில் அதைச் செய்துகாட்டியவன் அண்ணன்.

ஒருமுறை சிக்னலைத் தாண்டியதற்காகப் போலீஸ்காரர் மடக்கிவிட்டார். அண்ணன் இறங்கக்கூட இல்லை. பின்சீட்டில் ஃபிளாஸ்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த என்னைக் காட்டி, "ஜீவ இதெ சார், பிடி சார்" என்றான். உயிர் இருக்கிறது, விடுங்கள் என்று கன்னடத்தில். போலீஸ்காரர் என்ன நினைத்தாரோ, யாருடைய இதயமோ சிறுநீரகமோ போகிறது என்று எண்ணிவிட்டார் போலிருக்கிறது. விசிலடித்து வழியே விலக்கிக் கொடுத்தார். நான் வெட்கத்தில் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டேன். "பொய் சொல்றியே ணா" என்றேன்.

"பொய் இன்னா பாப்பா? உயிர் இருக்குதுன்னு நீதானே சொன்ன" என்றான்.

எனக்கும் அவனுக்கும் பதின்மூன்று வயது வித்தியாசம். அதனால் கடைசிவரை நான் பாப்பாதான். ஃபிளாஸ்கை அவன்தான் ஆட்டோவிலிருந்து எடுத்துவருவான், என்னைத் தூக்கவே விட மாட்டான். என் கைடு மேடம் நல்லவர். உங்கள் அண்ணன் இல்லாவிட்டால் இந்தத் தீசிஸே இல்லை என்று சொல்லி, அவனை உள்ளே உட்காரவைத்துக் காபி கொடுப்பார். முதல் சவாரிக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று அவனும் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடிக் குழலையே பார்த்துக்கொண்டிருப்பான். டிவியைக்கூட அப்படி ஒரு இடத்தில் உட்கார்ந்து பார்த்தவன் இல்லை. ஒரு நாள் திரையில் இருந்த W-வைக் காட்டி, அது என்ன எழுத்து என்று கேட்டான். கழுவினேன் என்று அர்த்தம் என்றேன். அதிலிருந்து நான் மறந்தாலும் அவன் மறக்க மாட்டான். "பாப்பா, டபிள்யூ போடலை" என்பான்.

அவனுக்குப் பிபி இருப்பதைக் கண்டுபிடித்ததும் அந்த ஆய்வுக்கூடத்தில்தான். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு கருவி வைத்திருந்தோம். ஒரு நாள் சும்மா விளையாட்டாக அவன் கையில் சுற்றினேன். மேலே நூற்றெண்பதைத் தாண்டியது. கருவிதான் கெட்டுவிட்டது என்று என் கையில் சுற்றிப் பார்த்தேன். கருவி நன்றாகத்தான் இருந்தது.

அன்றைக்கே இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் தினமும் காலையில் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார், ஆயுசு முழுக்க. அந்தக் கடைசி வார்த்தைதான் அண்ணனை உலுக்கிவிட்டது. திரும்பி வரும்போது ஆட்டோவை ஓரம்கட்டி நிறுத்தினான்.

"ஆயுசு முழுக்கன்னா, நடுவுல ஒரு நாள் அது கேக்காம போச்சுன்னா இன்னா பண்றது?"

"கேக்காம எங்க போவும்? கம்முனு போடு ணா."

கம்மென்று போட்டான். ஒரு மாதம் கழித்து அளந்து பார்த்தேன். அழகாக இறங்கியிருந்தது. "பாத்தியா?" என்றேன், அந்த மாத்திரையை நானே கண்டுபிடித்ததைப் போல. அவனுக்கும் சந்தோஷம். அன்று கேண்டீனில் இரண்டு பேரும் மசால் தோசை சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் கழித்துத்தான் அந்தக் காலை. அன்றைக்கு என்னவெல்லாம் நடந்தது என்று எனக்கு ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. நினைவில்லாமல் போனால் எவ்வளவோ நன்றாயிருக்கும்.

முந்தைய நாள் எடுத்த வளையங்களைக் குளிரில் வைத்திருந்து, மேடம் கேட்ட ஒரு கணக்கை முடிக்க அவசர அவசரமாக வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரே மருந்தை மூன்று தடவை கொடுத்துவிட்டேன், நடுவில் போதுமான இடைவெளி விடாமல். நாலாவது தடவை கோடு அசையவே இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. என்னை இறக்கிவிட வந்த அண்ணன் பின்னால் ஸ்டூலில் இருந்தான்.

"இன்னா பாப்பா, மூஞ்சி உர்ருனு கீது?"

"இது கேக்க மாட்டேங்குது ணா. அதே மருந்தைத் திருப்பித் திருப்பிக் குடுத்தேன்ல, பழகிப்போச்சு. இனிமே எவ்ளோ ஊத்தினாலும் கேக்காது."

"அப்ப இன்னா பண்ணுவ?"

"கழுவணும். மூணு நாலு தடவை நல்லாக் கழுவி, ரெஸ்ட் குடுக்கணும். அப்புறம் குடுத்தா முதல் தடவை கேட்ட மாதிரி கேக்கும்."

ஸ்டூலைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "எந்த மருந்தா இருந்தாலும் அப்படித்தானா?" என்று கேட்டான்.

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழலை வடித்துக்கொண்டிருந்தேன். "எந்த மருந்தா இருந்தாலும் அப்படித்தான்" என்றேன்.

பொய். எல்லா மருந்தும் அப்படி இல்லை. கண்ணாடிக் குழலுக்குள்ளேகூட எல்லாம் அப்படி இல்லை. எது எப்படி என்று விலாவாரியாக எழுதி, பக்கம் பக்கமாகப் படம் போட்டு, அதற்காகத்தான் எனக்குப் பட்டம் கொடுத்தார்கள். அவன் விழுங்கிய மாத்திரை தினமும் ரத்தத்தில் இருக்க வேண்டியது. ஒரு நாள் இருந்து இரண்டு நாள் இல்லாவிட்டால் அது இருந்தும் பிரயோசனம் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அவன் கேட்டது எதைப் பற்றி என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை.

அதன் பிறகு அண்ணன் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். ஆட்டோவில் எப்போதும் மூன்று நான்கு பெரிய பாட்டில் இருக்கும். சிக்னலுக்குச் சிக்னல் மூடியைத் திறந்து மடக் மடக் என்று குடிப்பான். அண்ணி திட்டுவாள். "வெயிலா மழையான்னு இல்லை, இந்த மனுசன் தண்ணிய இப்பிடிக் குடிக்கறாரு. சவாரி ஏத்திக்கினு நடுவுல ஒதுங்கப் போறாராம், பாசஞ்சருங்க சண்டை போடறாங்களாம்." நானும் என் பங்குக்குக் கிண்டல் செய்வேன். "மாநகராட்சித் தண்ணி பூரா உனக்கே பத்தாது போல கீதே" என்பேன். சிரிப்பான். ஒருமுறை சிரித்துக்கொண்டே, "எல்லாம் உன் டெக்னிக்தான் பாப்பா" என்றான். எந்த டெக்னிக் என்று நான் கேட்கவில்லை. நிறையத் தண்ணீர் குடி என்று எப்போதோ சொல்லியிருப்பேன், அதைத்தான் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். சில நாள் குடித்தான், சில நாள் சாதாரணமாக இருந்தான் என்பதையும் நான் கவனிக்கவில்லை.

நடுவில் ஒரு தடவை, "பிபி பாக்கறியா பாப்பா?" என்று கையை நீட்டினான். எனக்கு அன்றைக்கு எட்டு வளையங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அடுத்த வாரம் பார்க்கலாம் ணா என்றேன். அடுத்த வாரம் அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்படியே பத்து மாதம் போய்விட்டது.

தீசிஸ் கொடுக்க இன்னும் ஒரு பரிசோதனைதான் பாக்கி. கடைசி ஆடு என்று பாயிடம்கூடச் சொல்லியிருந்தோம், அவர் பிரியாணிக்குக் கூப்பிட்டிருந்தார். காலை ஏழு மணி. ஆய்வுக்கூடத்து கேட்டுக்கு வெளியே ஆட்டோ நின்றது. நான் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். வழக்கம்போல ஃபிளாஸ்க் அண்ணன் கையில். பின்னால் டங் என்று சத்தம். திரும்பினால், ஃபிளாஸ்க் ரோட்டில் உருண்டு, மூடி கழன்று, கரைசல் எல்லாம் தூசியில் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் மண்ணில் கிடந்தது.

நான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். "கையில பலம் இல்லையா உனக்கு? கடைசி நாள்ல வந்து இப்பிடிப் பண்ணுவியா? ஒரு ஃபிளாஸ்க்கைப் பிடிக்கத் தெரியலை. போச்சு, எல்லாம் போச்சு." குனிந்து குழாயை எடுத்து, ஊதி, மண்ணைத் துடைத்து, மிச்சக் கரைசலில் போட்டேன். அது முடிந்த பிறகுதான் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன்.

வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. என்னவோ சொல்லப் பார்த்தான். வார்த்தை வரவில்லை. கண் மட்டும் ஃபிளாஸ்கைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. மன்னிப்புக் கேட்கிறான் என்று புரிந்தது. அடப்பாவி, கையே விழுந்துபோய் நிற்கிறான், என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான்.

வாட்ச்மேனும் நானுமாக அவனை அவன் ஆட்டோவிலேயே பின்சீட்டில் ஏற்றினோம். வாட்ச்மேனுக்கு ஓட்டத் தெரிந்திருந்தது. அண்ணன் தலை என் மடியில். சிக்னலில் நின்றபோது ஜீவ இதெ, பிடி என்று கத்த வேண்டும் என்று தோன்றியது. கத்தவில்லை, அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். முன்னால் நின்றிருந்த வண்டிகள் ஒன்றும் நகரவில்லை.

மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரி டாக்டர், சின்ன வயதுக்காரர், நிதானமாகக் கேட்டார்: "பிபி மாத்திரை சரியா எடுத்துட்டிருந்தாரா?"

எனக்குக் கோபம் வந்தது. "நான் இதே துறையில்தான் ஆராய்ச்சி பண்றேன். ஒரே வீட்ல இருக்கோம். மாசா மாசம் நான்தான் மாத்திரை வாங்கித் தர்றேன். தினமும் போட்டார்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். தினமும் போட்டார் என்று அந்தக் கேஸ் ஷீட்டில் இன்னும் எங்கேயோ இருக்கும்.

நான்கு நாள் இருந்தான். குழாய்கள், குமிழ்விடும் பிராணவாயு, திரையில் ஒரு கோடு. எல்லாம் எனக்குப் பழகிய சாமான்கள். அண்ணி வெளியே உட்கார்ந்து, "நீ படிச்சவ, உனக்குத் தெரியும், எழுந்துடுவார்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எழுந்துடுவாரு அண்ணி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஐந்தாம் நாள் காலையில் போய்விட்டான்.

காரியம் முடிந்ததும் ஆட்டோவை ஒருவருக்குக் கொடுப்பதாகப் பேச்சு. முன்னால் இருக்கும் பெட்டியைக் காலி செய்து கொடு என்று அண்ணி சாவியைத் தந்தாள். அவளுக்கு அதைத் திறக்க மனம் வரவில்லை. நான் போய்த் திறந்தேன். லைசென்ஸ், விபூதிப் பொட்டலம், ஒரு சீப்பு. அடியில் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மாத்திரை அட்டைகள். ஒன்றல்ல, இரண்டல்ல. மாசா மாசம் நான் வாங்கிக் கொடுத்ததில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. ஒவ்வொரு அட்டையிலும் மூன்று நான்கு மாத்திரைதான் கிழித்திருந்தான்.

அந்த நிமிடம்கூட எனக்குப் புரியவில்லை. அவன்மேல் ஆத்திரம்தான் வந்தது. மாத்திரையை ஏமாற்றியிருக்கிறான், என்னிடம் பொய் சொல்லியிருக்கிறான், தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான் என்று ஆட்டோவுக்குள் உட்கார்ந்து திட்டினேன். அப்புறம் அந்தக் கவருக்குள் டயர் கடைக்காரர் கொடுத்த குட்டிக் காலண்டர் இருப்பதைப் பார்த்தேன். பிரித்தேன். தேதிகளின் மேல் பேனாவால் குறி போட்டிருந்தான். ஒரு தேதிக்கு வட்டம். அடுத்த தேதி W. அதற்கடுத்தது W. பிறகு வட்டம். பிறகு W, W. கோணல் மாணலாக, என் திரையில் பார்த்துப் பழகிய எழுத்து. போகப் போக வட்டங்களுக்கு நடுவில் W அதிகமாகிக்கொண்டே வந்தது. மூன்று, நான்கு. நல்ல ரெஸ்ட் கொடுத்தால் முதல் தடவை மாதிரியே கேட்கும் என்று நான்தானே சொல்லியிருந்தேன். அந்த W நாட்களில்தான் அவன் தண்ணீர் குடித்திருக்கிறான். உள்ளே கழுவியிருக்கிறான்.

என் அண்ணன் மாத்திரையை ஏமாற்றவில்லை. ஆயுசு முழுக்க அது கேட்க வேண்டும் என்று, என் பேச்சை நம்பி, ஒரு நாள் விடாமல் அக்கறையாகத் தன்னைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அண்ணி வந்து பார்த்தாள். காலண்டரைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்று இருந்தது. அவள் காலண்டரை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "அந்த மனுசன் யாரு பேச்சையும் கேக்கமாட்டாரு. எம் பேச்சை எந்நாளும் கேட்டதில்லை. உம் பேச்சு ஒண்ணைத்தான் கேட்டாரு" என்றாள். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவளுக்குத் தோன்றியதைச் சொன்னாள். பிறகு, "காரியத்துக்கு வந்தவங்க சொன்னாங்களே, ஸ்டாண்டுல வேற இதைச் சொல்லிக்கினு இருந்தாராம்" என்றாள்.

"எதை?"

"இதைத்தான். மாத்திரைக்கு ரெஸ்ட் வுடணும், தண்ணியால கழுவணும்னு. எந் தங்கச்சி டாக்டரு, ஆட்டு நரம்புலயே செஞ்சு காட்டிச்சுன்னு பெருமை வேறயாம்."

எங்கள் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்பார்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரையோ பிபியோ உண்டு. நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்கிற பிழைப்பு. நான் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் ஓடினேன்.

ஸ்டாண்டில் ஏழு பேர் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார்கள், செத்தவன் வீட்டுப் பெண் என்ற மரியாதையில். "யாருக்கெல்லாம் பிபி மாத்திரை இருக்கு?" என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று பேர் கையைத் தூக்கினார்கள். "அண்ணன் சொன்னார்னு யாராவது விட்டு விட்டுப் போடறீங்களா?"

நரைத்த தலையோடு ஒருவர், அண்ணனோடு இருபது வருடம் ஒரே ஸ்டாண்டில் ஓட்டியவர், "நான் போடறேம்மா. ஒரு நாள் போட்டு ரெண்டு நாள் ரெஸ்ட்டு" என்றார். சொல்லிவிட்டுக் காலடியில் இருந்த தண்ணீர் பாட்டிலைக் காட்டினார். பெரிய பாட்டில்.

"அது தப்பு ணா. தினமும் போடணும். ஒரு நாளும் விடக்கூடாது."

அவர் முகம் மாறியது. அண்ணனைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். "உங்கண்ணன் பொய் சொல்ற ஆளு இல்லம்மா. டாக்டரு சொன்னதைத்தான் சொன்னான்."

"அந்த டாக்டர் நான்தான் ணா. நான்தான் தப்பாச் சொன்னேன். அதை நம்பித்தான் செத்துப்போனார்."

சொன்னது நானா என்று எனக்கே நம்ப முடியவில்லை. ஏழு பேருக்கு முன்னால் நின்று அழுதேன். என் வாழ்நாளில் தெருவில் அழுதவள் இல்லை நான். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார், பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தது. நரைத்த தலைக்காரர் என்னிடம் வந்து, தோளைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் கையைக் கொண்டுவந்து திரும்ப எடுத்துக்கொண்டார். "இன்னைக்கு எனக்கு ரெஸ்ட்டு நாளும்மா" என்றார் மெதுவாக.

"ரெஸ்ட்டெல்லாம் கிடையாது. இப்ப போடுங்க."

"வூட்டுக்குப் போயி போட்டுக்கறேன்."

"இல்ல ணா. என் எதிர்ல போடுங்க."

சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். ஒன்றைக் கிழித்து வாயில் போட்டு, அந்தப் பெரிய பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். குரல்வளை ஏறி இறங்கியது. வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். சின்னப் பிள்ளைபோல நாக்கைத் தூக்கிக் காட்டினார், உள்ளே ஒன்றும் இல்லை.

இப்போதும் தினமும் காலையில் ஸ்டாண்டுக்குப் போய் அந்த மூன்று பேரும் மாத்திரை விழுங்கும்வரை நிற்கிறேன். தீசிஸ் முடிந்துவிட்டது. கடைசிப் பரிசோதனையை வேறொரு ஆட்டில் செய்தேன், ஆடு அறுக்கும் கூடத்துக்கு வாடகை வண்டியில் போய்வந்தேன். அண்ணா எங்கே என்று கேட்ட பாயிடம் சொல்லவே முடியவில்லை. எங்கேயோ இருந்து வந்த ஆட்டின் குழாய் இறுகுகிறதா தளர்கிறதா என்று ஆறு மணி நேரம், ஏழு மணி நேரம் கண் கொட்டாமல் நின்று பார்த்திருக்கிறேன், ஐந்து வருடம். என் அண்ணன் ஒரு மாத்திரை விழுங்குவதை ஒரு நாளாவது நின்று பார்த்திருக்கிறேனா என்று எண்ணிப் பார்க்கிறேன். பார்த்ததில்லை.